அப்பத்தா பார்க்காத ஊர்கள்

பள்ளத்தூரில் நான் பிறந்த வீட்டின் முகப்புச் சுவரிலிருந்து, இரண்டாண்டுகளுக்கு முந்தைய ஐப்பசி மழையில், ஒரு டைல் பெயர்ந்து விழுந்தது. ஆறங்குலச் சதுரம். நடுவில் ரோஜாப்பூ புடைப்பாக நிற்கும். இதழ் மடிப்புகளில் வண்ணம் தேங்கி அடர்ந்தும், விளிம்புகளில் வெளிறியும் இருக்கும். மேற்பூச்சு முழுவதும் தலைமுடி இழையைப் போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். சிறு வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அந்த ரோஜாக்களை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். விழுந்த டைலைத் திருப்பி, பின்புறம் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கொத்தனார் கரண்டி முனையால் மெல்லச் சுரண்டியபோது, கட்டம் கட்டமான வரிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: 'மேட் இன் ஜப்பான்'.

எனக்கு உடனே சிங்கப்பூரின் கூன் செங் சாலை நினைவுக்கு வந்தது. மலாய்ப் பண்பாட்டோடு கலந்துபோன பெரனாக்கன் சீனர்கள் கட்டிய அந்த வரிசை வீடுகளின் முன்சுவரில், சன்னல்களுக்குக் கீழே, இதே வகை ரோஜா டைல்களைப் பார்த்து நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். இங்கிலாந்தும் பெல்ஜியமும் முதலில் செய்து விற்ற சரக்கு இது. முதல் உலகப்போரில் ஐரோப்பியச் சரக்கு வருவது குறைந்தபோது, அந்த இடத்தை ஜப்பானியத் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன வணிகர்கள் வாங்கிப் பதித்ததைப் பார்த்த நம்மவர்கள், அதாவது நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதே சரக்கை ஊருக்கும் கப்பலேற்றினார்கள். ஆக, பள்ளத்தூரில் நான் விரலால் தடவிய பூவும், ஆயிரக்கணக்கான கல் தொலைவில் சீனக் குழந்தையொன்று தடவியிருக்கக்கூடிய பூவும் ஒரே வார்ப்பில் பிறந்தவையாக இருக்கலாம்.

செட்டிநாட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு உலக ஊர்களின் பெயர்கள் முதலில் சாமான்களின் பெயர்களாகத்தான் அறிமுகமாகின்றன. வளவு என்னும் உள்முற்றத்தின் தூண் பர்மாத் தேக்கு. பட்டாலைத் தரை இத்தாலிக் கல். கல்யாணக் கொட்டகையில் மாட்டிய நிலைக்கண்ணாடி பெல்ஜியம். ஆத்தாவின் முறைசிட்டையில், அதாவது சீர்ப் பட்டியலில், வந்த மங்கு (எனாமல்) சாமான்களில் பாதி ஸ்வீடன். இரண்டாம் கட்டில் வற்றல் போட்டு வைக்கும் அரக்குப் பூசிய கூடை ரெங்கூன். கவுனி அரிசியைப் பொங்கும்போதுகூட, அது பர்மாவிலிருந்து வந்து நம் கல்யாணப் பந்திக்குள் நுழைந்த அரிசி என்பதை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்.

என் அப்பத்தாவுக்கு இந்த ஊர்கள் எல்லாம் தெரியும். எந்த ஊரில் நம்மவர்களின் வட்டிக்கடைக் கிட்டங்கி எத்தனை, எந்த ஊருக்கு எத்தனை நாள் கப்பல், எந்த ஊர்க் கோயிலில் என்ன நாள் மகேசுவர பூசை என்று கேட்டால் அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் ராமேசுவரத்துக்கு அப்பால் கடலைத் தாண்டியதில்லை. பெண்மக்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, ஆண்மக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போவதே அந்தத் தலைமுறையின் ஏற்பாடு. ஒரு தவணைக்கு மூன்று ஆண்டுகள். தவணை முடிந்து திரும்பி வந்து சில மாதங்கள் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறினால் இன்னொரு மூன்று ஆண்டுகள். "ஐயா ரெங்கூன்ல இருக்காக" என்று அப்பத்தா தன் கணவரான என் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது, பக்கத்து அறையில் இருப்பதைச் சொல்வது போலச் சொல்லுவார்களாம். தன் வாழ்க்கையின் பாதிக் காலத்தை முடிவு செய்த ஊரின் ஒரு தெருவைக்கூடக் கண்ணால் காணாமலே அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் வங்கியில் முப்பத்தோராண்டு கணக்குப் பார்த்து 2015-இல் ஓய்வுபெற்றேன். அதன் பிறகு போன ஊர்களை எல்லாம் அப்பத்தா சொன்ன பெயர்களிலிருந்துதான் தேர்ந்தேன். சுற்றுலா நிறுவனங்கள் தருகிற பட்டியலில் கோபுரமும் கடற்கரையும் கேளிக்கைப் பூங்காவும் இருக்கும். அவற்றையும் நான் பார்க்காமல் விடவில்லை. ஆனால் ஒரு துறைமுக நகரத்தின் வரலாறு, அங்கே பணம் எண்ணப்பட்ட தெருவிலும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு மகமையாகச் சேர்ந்து எழுந்த கோயிலிலும், அந்தப் பணத்தைக் கடனாக வாங்கியவர்களின் வயலிலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கூனுக்கு, 2017 தை மாதத்தில் போனேன். அந்த நகரத்தை வரைபடத்தில் பார்த்தாலே அது பிறந்த விதம் தெரிந்துவிடும். 1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய - பர்மியப் போரில் ஊரைப் பிடித்த பிரிட்டிஷார், சூலே பகோடாவை நடுவில் வைத்து, ஆற்றங்கரையிலிருந்து வடக்கே ஓடும் நேர்த்தெருக்களைச் சதுரங்கக் கட்டம் போல வகுத்தார்கள். சிறிய தெருக்களுக்குப் பெயர்கூட வைக்காமல் எண் கொடுத்தார்கள். பெரிய தெருக்களுக்கு இருந்த பழைய பெயர்கள் பின்னாளில் மாறிவிட்டதால், அப்பத்தா சொன்ன மொகல் தெருவை இன்று அந்தப் பெயரில் கேட்டால் இளைஞர்களுக்குத் தெரியாது. ஷ்வே பொந்தா தெரு என்று கேட்க வேண்டும்.

நான் அந்தத் தெருவை ஆற்றங்கரை முனையிலிருந்து நடக்கத் தொடங்கினேன். இருபுறமும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். மழையில் கருத்த சுவர்கள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்குக் கயிறு தொங்குகிறது, அதன் நுனியில் ஒரு கவ்வி. பத்திரிகைக்காரரோ பலகாரக்காரரோ பொருளை அந்தக் கவ்வியில் மாட்டிவிட்டால், மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைகளும் கைக்கடிகாரக் கடைகளும் நிறைந்த அந்தத் தெருவில், எது கிட்டங்கியாக இருந்த கட்டடம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் என் புடவைக்கட்டைப் பார்த்துத் தமிழில் பேசினார். அவருடைய பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கும் வேலைக்கு வந்தவராம். "மாடிப்படி அகலமா, கூடம் ஒரே நீளமா இருந்தா அது செட்டியார் கட்டடம்மா" என்றார். அவர் காட்டிய வாசலில் நுழைந்து ஏறினேன்.

கிட்டங்கி என்றால் கிடங்கு என்று அகராதி சொல்லும். புழக்கத்தில் அது கடையும் வீடும் ஒன்றான இடம். நீளமான கூடத்தில், சுவரை ஒட்டி வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது வட்டிக்கடைக்கும், ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், ஒரு பீரோ. பகலில் அந்தப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து கொடுக்கல் வாங்கல். இரவில் அதே இடத்தில் தலையணை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையற்காரர் என்று எல்லோரும் ஆண்கள். நான் ஏறிய கூடம் இப்போது மரப்பலகைத் தடுப்புகளால் ஏழெட்டுக் குடித்தனங்களாகப் பிரிந்திருந்தது. ஆனால் தரையின் நீளமும், ஒரே ஒழுங்கில் நிற்கும் சன்னல்களும் மறையவில்லை. என் ஐயா பதினான்கு வயதில் பெட்டியடிப் பையனாக வந்து உட்கார்ந்த இடம் இதுவேயா, அடுத்த கட்டடமா என்று உறுதி செய்ய எனக்கு வழியில்லை. ஆனாலும் சற்று நேரம் அங்கே நின்றேன். அப்பத்தா எழுதச் சொல்லி அனுப்பிய கடிதங்களை எல்லாம் இப்படியொரு சன்னல் வெளிச்சத்தில்தான் ஐயா படித்திருப்பார்கள்.

அந்தக் கட்டங்களுக்குள் ஒரு நாள் முழுக்க நடந்தால், கப்பல் தொழில் எத்தனை விதமான மனிதர்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது என்பது விளங்கும். 26-ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடம், 1890-களில் கட்டியது. 30-ஆம் தெருவில் ஷியா முஸ்லிம்களின் மொகல் பள்ளிவாசல். பழைய பிரேசர் தெருவில், இன்றைய அனவ்ரட்டா சாலையில், தமிழர்கள் 1871-இல் எழுப்பிய காளி கோயில். கோபுரத்தின் வண்ணம் மட்டும் தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் கூடுதல். ஷ்வேடகோன் பகோடாவுக்கு வெயிலேறும் முன் போவது நல்லது; காலுறையையும் கழற்ற வேண்டும் என்பதால், பத்து மணிக்கு மேல் சலவைக்கல் சுட்டுவிடும். ஏறத்தாழ 99 மீட்டர் உயரத்துக்குப் பொன் போர்த்தி நிற்கும் அந்தத் தூபியைச் சுற்றி வருகையில், அவரவர் பிறந்த கிழமைக்குரிய மூலையில் நின்று பர்மியர்கள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். நவக்கிரகம் சுற்றிப் பழகிய எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. அங்கிருந்து தொலைவில்லாத இடத்தில் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபரின் அடக்கத்தலம் இருக்கிறது. நாடு கடத்தப்பட்ட அந்த முதியவர் 1862-இல் இங்கே இறந்தார். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

இனி நான் எழுதுவதை எங்கள் பக்கத்துச் சிலர் விரும்பமாட்டார்கள். ஆனாலும் ரங்கூனைப் பற்றி எழுதிவிட்டு இதை விடுவது நேர்மையாகாது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு, பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தைப் பர்மிய உழவர்கள் வெட்டித் திருத்தி நெல் வயலாக்கினார்கள். அதற்கு வேண்டிய முதலைத் தர ஆங்கிலேய வங்கிகள் முன்வராத இடத்தில், செட்டியார்கள் தந்தார்கள். அந்த அளவில், உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா ஆனதில் நம்மவர்களின் பங்கு மறுக்க முடியாதது. ஆனால் 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவிகிதம். 1938-இல் அது 25 சதவிகிதம். நிலத்தை வைத்து உழுவது நம்மவர்களின் எண்ணமாக இருக்கவில்லை, பணம் முடங்கிப்போனதாகவே அவர்கள் பேரேட்டில் அது ஏறியது என்பதும் உண்மைதான். ஆனால் மூன்று தலைமுறை வெட்டித் திருத்திய வயலுக்குக் குத்தகைக்காரனாகிப் போனவனிடம் அந்தக் கணக்கைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியுமா?

எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய பர்மியப் பெண், பெகு பக்கத்துக் கிராமத்தவர். நான் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று கேட்டறிந்த பிறகு, சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, தன் பாட்டிக்குத் தாயாருடைய வயல் அப்படிப் போனதுதான் என்று, கோபமில்லாமல், நடந்த செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை காளி கோயிலுக்கு அருகில் இருவரும் தேநீர் குடித்தோம். பணத்தை அவர்தான் கொடுத்தார். எங்கள் வளவுத் தூண்களை அதற்குப் பிறகு நான் பழைய கண்ணோடு பார்த்ததில்லை. இரண்டு கை சேர்த்தாலும் அணைக்க முடியாத அந்தத் தேக்குத் தூண்கள் 1912-இல் பாட்டையா வாங்கி இறக்கியவை. அவற்றின் வழவழப்பில் எங்கள் குடும்பத்தின் உழைப்பும் சிக்கனமும் இருக்கின்றன. கழிமுகத்து உழவரின் வட்டியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டதும், அந்தக் கதை முடிவுக்கு வரத் தொடங்கியது. ஐயா கப்பலில் இடம் கிடைக்காமல், புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் வந்து, அங்கிருந்து ரயிலேறி 1942-இல் ஊர் வந்து சேர்ந்தார்கள். கையில் இருந்தது ஒரு ஐந்தொகைக் கணக்குச் சிட்டையும் மாற்று வேட்டியும்தான். வாசலில் நின்றவரை அப்பத்தாவுக்கே அடையாளம் தெரியவில்லையாம். 1948-இல் பர்மா விடுதலை பெற்று நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1960-களில் கடைகளும் போயின. அப்போது திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் பெயரால்தான் காரைக்குடியில் இன்றும் ஒரு பர்மா காலனி இருக்கிறது.

பினாங்குக்குத் தைப்பூசத்தில் போக வேண்டும் என்பது என் கருத்து. மற்ற நாட்களில் ஜார்ஜ் டவுன் அழகான, அமைதியான பழைய ஊர். 1786-இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து கால்மணி நேர நடையில், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் மாதா கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று நான்கும் ஏறத்தாழ ஒரே தெருவோரத்தில் நிற்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ அந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக்கியதற்கு இந்த நெருக்கமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்குத் தெருவில் உள்ள கோயில் வீட்டுக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் அந்த ஊரின் உயிர் தெரியும். தண்டாயுதபாணி வெள்ளித் தேரில் ஏறுகிறார். அந்தத் தேர் காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலேற்றியது. நான் அருகில் நின்று பார்த்தேன். விதானத்தின் வளைவும், யாளியின் முகத்தில் உளி விட்டுச் சென்ற கூர்மையும் நம் நகரத்தார் கோயில் வாகனங்களில் கண்ட அதே கைவேலை. தண்டட்டிக் காதுடன் ஒரு மூதாட்டி, தேர் நகர்ந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நம்மூர்த் தேரு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். தெருவின் இருபுறமும் சீனக் கடைக்காரர்கள் தேங்காய்களை மலை போலக் குவித்து வைத்திருந்தார்கள். தேர் நெருங்கும்போது, ஊதுபத்தியைக் கொளுத்தி வணங்கிவிட்டு, ஒருவர் நூறு, இன்னொருவர் ஐந்நூறு என்று சாலையில் உடைக்கிறார்கள். தார்ச்சாலையே இளநீரில் நனைந்து வெள்ளையாகிவிடுகிறது; தேருக்கு முன்னே மண்வெட்டியோடு போகிறவர்கள் சிரட்டையை ஒதுக்கி வழி செய்கிறார்கள். இப்படி நின்று நின்று, இரவுதான் தேர் வாட்டர்பால் சாலையில் உள்ள நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேர்கிறது. 1857-இல் எழுந்த அந்தக் கோயிலின் கூடத்தில் நுழைந்தால், கடல் தாண்டி வந்தது மறந்துபோகும்: பளிங்குத் தரை, தேக்குத் தூண், மேலே வரிசையாகச் சாமி படங்கள், உள்ளே பந்தி. எங்கள் வீட்டுக் கல்யாணக் கொட்டகையைத்தான் யாரோ இங்கே தூக்கி வந்து வைத்துவிட்டார்களோ என்று தோன்றியது.

சிங்கப்பூர் வேறு மாதிரி ஊர். பழையதை இடித்துவிட்டு, அதன் நினைவை மட்டும் கவனமாகக் காட்சிக்கு வைக்கிற ஊர். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் தெருவில் இன்று ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. 1970-களின் நகரச் சீரமைப்பில் எல்லாம் போய்விட்டன. அதே தெருவில் இப்போது 280 மீட்டர் உயரத்துக்குக் கேப்பிட்டா ஸ்பிரிங் என்ற கட்டடம் நிற்கிறது. அதன் 51-ஆவது மாடித் தோட்டத்துக்குக் கட்டணமில்லாமல் போகலாம். மெரினா பே சாண்ட்ஸ் விடுதியின் உச்சிக்குப் பணம் கட்டி ஏறுவதை விட, இந்தத் தோட்டத்தில் நின்று கீழே பார்ப்பது எனக்கு நிறைவாக இருந்தது. அந்தச் சிறு தெருவில்தான் ஒருகாலத்தில் சீன ரப்பர்த் தோட்டக்காரரும், மலாய் நிலக்காரரும், சிறு கடைக்காரரும் கடனுக்காக நம் கைப்பெட்டிகளுக்கு முன்னால் வந்து அமர்ந்தார்கள். ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், செட்டியாரிலிருந்து இன்றைய நிதித் துறையினர் வரையிலான வளர்ச்சியைக் காட்டும் வெண்கலச் சிலைத் தொகுதி இருக்கிறது. தரையில் அமர்ந்த செட்டியாருக்கு அருகில், அதே உயரத்துக்கு நானும் குனிந்து பார்த்தேன்.

டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் 1859-இல் குடமுழுக்குக் கண்டது. இப்போதுள்ள கட்டடம் 1983-ஐச் சேர்ந்தது. உள்ளே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் தெய்வ உருவங்கள் பொறித்த 48 கண்ணாடிப் பலகைகள், காலை வெயிலும் மாலை வெயிலும் படும்படி சாய்வாகப் பதித்திருக்கிறார்கள். நான் மாலை ஐந்தரைக்குப் போனேன். தரையில் வெளிச்சத்தின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டது. மறுநாள் லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போனபோது, எதிர்பாராத இடத்தில் ஊர் எதிரே வந்து நின்றது: செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்று, ஏறத்தாழ 5,000 சிறு செதுக்கல்களோடு, விளக்கொளியில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதன் முன் நின்று, எத்தனை தெய்வங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு அங்கே பத்திரமாக இருப்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் அது நின்ற வீடு என்ன ஆயிற்று, அந்த வாசற்படியில் எத்தனை மணப்பெண்கள் நுழைந்திருப்பார்கள் என்ற நினைப்பு, நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகும் நெடுநேரம் என்னோடு இருந்தது.

சைகோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1880-இல் கட்டி முடித்த பெரிய மாதா கோயிலும், 1891-இல் முடிந்த அஞ்சல் நிலையமும் எல்லோரும் பார்ப்பவை, பார்க்கத் தக்கவையும்கூட. பென் தான் சந்தையிலிருந்து சிறிது நடந்தால் மாரியம்மன் கோயில் வந்துவிடும். அங்கே தமிழர்களை விட வியட்நாமியர்களே அதிகம். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியைப் பதித்து, தங்கள் குறையை மெல்லிய குரலில் அம்மனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தொன் தாத் தியெப் தெருவில் நம்மவர்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஓயே தெரு என்ற பெயரில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த தெரு அது. நான் போன நண்பகலில் கோயிலில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு வியட்நாமிய மூதாட்டி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் படியிலேயே காத்திருந்து, பிறகு உள்ளே போய்க் கும்பிட்டேன். கொழும்புச் செட்டியார் தெருவைப் பற்றி இங்கே எழுதவில்லை; அங்குள்ள கதிரேசன் கோயில்களுக்கும் ஆடிவேலுக்கும் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

இந்த ஊர்களைப் பார்த்துவிட்டுச் செட்டிநாட்டுக்கு வர நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். இன்று அத்தனை இல்லை. 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. கானாடுகாத்தானில் தெருக்களை நடந்தே பாருங்கள். ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவதை நடந்தால்தான் உணர முடியும். ஆத்தங்குடியில் பூக்கல் போடும் கொட்டகைக்கு நேரில் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையும் கடைசியில் ஈரக் கலவையும் போட்டுக் காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி தானாகக் கழன்று வரும்போது, அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. சூளை இல்லை, மெருகேற்றும் இயந்திரம் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போவீர்கள், எல்லோரும் போகிறார்கள். அங்கே விற்கிற மங்குச் சாமானும், கைப்பெட்டியும், தேக்குத் தூணும் அழகானவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இடித்த வீடுகளிலிருந்து வருபவை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு, அதாவது பங்குள்ள குடும்பங்களுக்கு, பொதுவான வீட்டில், பங்காளிகள் சென்னையிலும் கலிபோர்னியாவிலுமாகச் சிதறியிருக்கையில், ஓட்டை மாற்றும் செலவுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்வதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். அடுத்த மழைக்கு ஒரு கட்டு விழும். அதற்கடுத்த ஆண்டு வியாபாரி வந்து தூணை அளப்பார். எங்கள் வீட்டுக்கும் இரண்டு முறை வந்து அளந்துவிட்டார்கள். நாங்கள் ஒன்பது புள்ளிகள். சென்ற ஆண்டு முன்னோர்களுக்கான படைப்புக்குக் கூடியபோது, இன்னும் பத்து ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்றும், ஆண்டுதோறும் புள்ளிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்குச் சேர்ப்பது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கணக்கை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

விழுந்த டைலைத் திரும்பப் பதிக்கக் கொத்தனார் சுண்ணாம்பை நான்கு நாள் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் குழைத்துக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய இரவு, என் பேத்தி டைலின் பின்புறத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். கட்ட வரிகளும் எழுத்துகளும் தாளில் தெளிவாக எழுந்து வந்தன. அதன் கீழே, நான் சொல்லச் சொல்ல, அப்பத்தா சொன்ன ஊர்ப் பெயர்களை அவள் எழுதினாள்: ரெங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு. மோல்மேனுக்கு மட்டும் நான் இன்னும் போகவில்லை. தூண்களின் தேக்கு அந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததாக வீட்டில் சொல்லுவார்கள். தாளை மடித்து ஐயாவின் கைப்பெட்டிக்குள் வைத்தோம். காலையில் கொத்தனார் டைலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆச்சி, எழுத்து உள்ள போயிரும், பரவால்லயா?" என்று கேட்டார். போகட்டும் என்றேன். அவர் சுண்ணாம்பை அப்பி, ரோஜாவை வெளிப்பக்கமாக வைத்து, உள்ளங்கையால் நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.